வழியாத மெழுகுதிரி

பொழுதுபோக்கு என்னும் சொல் எம்மவரிடையே மதிப்பிழந்து கிடக்கின்றது. பொழுதைப் போக்குதல் என்றால் பொழுதை வீணாக்குதல் என்று பொருள்கொள்ளும் வழக்கம் வேரூன்றிவிட்டது. முத்திரை சேர்ப்பவரையும் பூஞ்செடி வளர்ப்பவரையும் வேறு வேலையற்றவரென்றே ஊர் எண்ணுகின்றது. அங்ஙனமிருக்க, வீட்டின் பின்விறாந்தையிலே மெழுகை உருக்கி, நிறம் சேர்த்து, அலங்கார மெழுகுதிரி வார்ப்பதனை ஒரு தமிழாசிரியர் தமது பொழுதுபோக்கெனச் சொல்லிக்கொண்டால் நகைப்பார் பலர் இருப்பர். சமுதாயப் பிரச்சினைகளை ஆராயும் ஏட்டிலே அதனையே கட்டுரைப் பொருளாக்கினால், எழுதுவதற்கு நாட்டிலே வேறு பொருளில்லையா என வினவுவாரும் இருப்பர். அவ்வினா நியாயமானதே. ஆயின், எந்தச் சிறு பண்டமும் தன்னைச் செய்த கைகளையும், தன்னை விற்ற சந்தையையும், தான் பயன்பட்ட காலத்தையும் தன்னோடு கொண்டே வருகின்றது. மெழுகுதிரி அதற்கு விலக்கன்று.

நாம் இத்தொழிலிலே கைவைத்தது 2022ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டின் தொடக்கத்திலே நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. எரிபொருள் வாங்கப் பணமின்றி மின்சாரம் தடைப்பட்டது. மார்ச் மாத இறுதியிலே மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதனை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. மே மாத இறுதியிலே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த பிள்ளைகள் சிலர் மாலை வேளைகளிலே எம்மிடம் வந்து இலக்கணமும் இலக்கிய நயமும் படித்தனர். இருள் கவிந்ததும் மேசையின் நடுவே மெழுகுதிரி ஒன்றை ஏற்றி அதனைச் சுற்றி அமர்வோம். மெழுகுதிரியின் விலை ஏறியது. பின்னர் அது கடைகளிலே கிடைப்பதே அரிதாயிற்று. பெற்றோலியத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் பரபின் மெழுகே இன்று பெரும்பாலான மெழுகுதிரிகளின் மூலப்பொருள். எமக்கு அது இறக்குமதிப் பண்டம். மின்விளக்கு அணைந்ததற்கும் மெழுகுதிரி அருகியதற்கும் காரணம் ஒன்றேயாகும்.

பிள்ளைகள் சென்ற பின்னர், எரிந்து எஞ்சிய அடிக்கட்டைகளையும் மேசைமீது வழிந்து உறைந்த மெழுகையும் கத்தியாற் சுரண்டி ஒரு பால்மாப் பேணியிலே சேர்த்துவந்தோம். பேணி நிறைந்ததும் அதனை உருக்கி, பப்பாசி இலைக்காம்பின் குழலிலே நூலைத் தொங்கவிட்டு வார்த்தோம். அடுத்த நாள் மாலை அத்திரியின் ஒளியிலே பாடம் நடந்தது. தேவை கற்பித்த தொழில், தேவை நீங்கிய பின்னும் எம்மைவிட்டு நீங்கவில்லை. மின்சாரம் ஒழுங்காக வரத்தொடங்கிய பின்னரும் ஞாயிற்றுக்கிழமைகளிலே பேணியை அடுப்பிலேற்றினோம். வெண்மெழுகு நிறம் பெற்றது. நிறத்தைத் தொடர்ந்து வடிவம் வந்தது.

செய்முறையைச் சிறிது கூறுதல் தகும். பரபின் மெழுகு ஏறத்தாழ 50 முதல் 65 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்திலே, அதன் தரத்துக்கேற்ப, உருகுவது. அதனை அடுப்பின்மேல் நேராக வைத்தல் ஆகாது. அகன்ற பாத்திரமொன்றிலே நீரைக் கொதிக்கவைத்து, மெழுகுப் பேணியை அந்நீரினுள் நிறுத்தியே உருக்கவேண்டும். நீர் 100 பாகைக்கு மேற் சூடேறாதாதலின் மெழுகும் அவ்வெல்லையைத் தாண்டாது. நேர்நெருப்பிலே மெழுகு மிகையாகச் சூடேறினால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும். பற்றிய மெழுகின்மேல் தண்ணீர் ஊற்றுவது பேராபத்து. நீர் கணத்திலே ஆவியாகிப் பொங்கி, எரியும் மெழுகை நாற்புறமும் வீசும். மூடியால் மூடிக் காற்றைத் தடுப்பதே வழி. சிறுவர் அருகிருக்கும் வீட்டிலே இதனை முதற்பாடமாகக் கொள்ளவேண்டும்.

பரபினுடன் பத்திலொரு பங்களவு ஸ்ரியறிக் அமிலம் சேர்த்தால் மெழுகு கெட்டியாகும். கண்ணாடி போன்ற தன்மை நீங்கிப் பால்வெண்மை பெறும். அச்சிலிருந்து இலகுவிற் கழன்றும் வரும். நிறத்துக்கு மெழுகிலே கரையும் சாயம் வேண்டும். பலகாரத்துக்கு இடும் நிறம் நீரிற் கரைவது. அது மெழுகிற் கலவாது துளிதுளியாக அடியிலே தங்கும். பிள்ளைகள் வர்ணம் தீட்டும் மெழுகுக் குச்சிகளை உருக்கிச் சேர்ப்பாரும் உளர். அவற்றிலுள்ள நுண்ணிய வர்ணத்தூள் திரியின் இழைகளை அடைத்துவிடுமாதலின், பார்வைக்கு அழகான அம்மெழுகுதிரி எரியும்போது திணறும். வார்த்த மெழுகு ஆறும்போது சுருங்கும். திரியைச் சுற்றிக் குழி விழும். அக்குழியை நிரப்ப இரண்டாம் முறையும் வார்க்கவேண்டும்.

அச்சுக்குக் கடைக்குப் போகவேண்டியதில்லை. சிரட்டையும் மூங்கிற்குழாயும் பப்பாசிக் காம்பும் வீட்டைச் சூழக் கிடைப்பன. ஈரமான கடல் மணலிலே குழியிட்டு வார்த்தால், மணற்றோல் போர்த்த மெழுகுதிரி கிடைக்கும். எமக்கு மிகப் பிடித்தது பனையோலைத் தடம். நீற்றுப்பெட்டி பின்னுவதுபோல ஓலையை நெருக்கமாகப் பின்னி, அதனை அச்சின் உட்புறத்திலே ஒட்டி வார்த்து, ஆறிய பின் ஓலையை உரித்தெடுத்தால், பின்னலின் குறுக்கும் நெடுக்குமான வரிகள் மெழுகிலே அப்படியே பதிந்திருக்கும். பெட்டி பின்னிய பாட்டியரின் விரலசைவு உறைந்து நிற்பது போன்ற தோற்றம் அது.

மெழுகிலே வடிவம் வார்ப்பது தமிழருக்குப் புதியதன்று. வெண்கலத் திருவுருவங்களை எம்முடைய சிற்பிகள் முதலில் மெழுகிலேதான் செய்தனர். மெழுகுருவின்மேல் மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகியோடிய வெற்றிடத்திலே உலோகத்தை வார்த்தனர். பொலனறுவையிலே அகழ்ந்தெடுக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையிலே நிற்கும் நடராசர் வடிவம் இம்முறையிற் பிறந்ததே. மாணிக்கவாசகர் உள்ளத்தின் உருக்கத்துக்கு அனலிற்பட்ட மெழுகை உவமையாக்கினார். ஆயினும், ஒளிக்காக மெழுகை எரிக்கும் தேவை எம் முன்னோருக்கு எழவில்லை. தேங்காயெண்ணெயும் இலுப்பையெண்ணெயும் அகலிலே எரிந்தன. குளிர்நாட்டிலே உறைந்துவிடும் தேங்காயெண்ணெய் எமது வெப்பத்திலே நீராகவே நிற்கும். அதற்கு அகலும் பஞ்சுத்திரியும் போதும்.

இப்பொழுதுபோக்கு எமக்குக் கற்பித்த முக்கியமான பாடம் ஒன்றுண்டு. அது திரியைப் பற்றியது. மெழுகுதிரியிலே எரிவது திரியென்று பலர் எண்ணுகின்றனர். திரி வெறும் வழியே. உருகிய மெழுகு திரியின் நுண்ணிழைகளினூடாக மேலேறி, சுவாலையின் வெப்பத்திலே ஆவியாகின்றது. அவ்வாவியே எரிந்து ஒளி தருகின்றது. சுவாலையைச் சுற்றி மேலெழும் காற்று மெழுகுதிரியின் வெளிவிளிம்பைக் குளிர்விக்கின்றது. ஆதலின் நடுவிலே மெழுகு உருகியிருக்க, விளிம்பு உருகாது ஒரு சிறு கிண்ணமாக நின்று அவ்வுருகலைத் தாங்குகின்றது. திரி தடித்ததாயின் சுவாலை பெருத்துக் கரி கக்கும். விளிம்பும் உருகி உடையும். மெழுகு வீணே வழியும். திரி மெலிந்ததாயின், தன்னைச் சூழ்ந்த மெழுகுக் குளத்திலேயே அது மூழ்கி அணையும். மெழுகுதிரியின் குறுக்களவுக்கும் மெழுகின் இயல்புக்கும் ஏற்பத் திரியை அளந்து இட்டால், காற்றடிக்காத இடத்திலே அது ஒரு துளியும் வழியாது இறுதிவரை எரியும்.

இங்கிலாந்தின் விஞ்ஞானி மைக்கேல் பரடே இதனைச் சிறுவர்க்கு விளக்கிப் பேசியவர். கொல்லன் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையிலே தொழில் பழகி, தாமே கற்று உயர்ந்தவர் அவர். இலண்டன் றோயல் நிறுவனத்திலே நத்தார் விடுமுறைக் காலத்தில் இளையோருக்காக அவர் நிகழ்த்திய மெழுகுதிரி பற்றிய விரிவுரைகள் 1861ஆம் ஆண்டிலே நூலாக வந்தன. அவற்றின் முதல் விரிவுரையிலேயே அலங்கார மெழுகுதிரியைப் பற்றி அவர் ஒரு கருத்துக் கூறுகின்றார். பக்கங்களிலே ஆழ்ந்த வரிகள் செதுக்கிய மெழுகுதிரி கண்ணுக்கு அழகாயினும், அதன் விளிம்பு ஒழுங்காக அமையாமையால் நன்றாக எரிவதில்லை. பார்வைக்குச் சிறந்ததைவிடப் பயனிலே சிறந்ததே எமக்கு நன்மை தருவது என்பது அவர் கருத்தின் சாரம். அலங்கார மெழுகுதிரி செய்வோர் யாவரும் மனத்திலிருத்தவேண்டிய கருத்து இது. எமது பனையோலைத் தடத்தை ஆழமாகப் பதியாது, நகக்கீறல் அளவுக்கே பதிக்கும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது.

இனி, எமது தொழிலுக்கு வருவோம். ஒவ்வோராண்டும் ஒக்ரோபர் 6ஆந் திகதி இலங்கைப் பாடசாலைகளிலே ஆசிரியர் தினம் கொண்டாடப்படுகின்றது. மாலை சூட்டப்படும், வாழ்த்துப்பா வாசிக்கப்படும். மேடையேறும் பேச்சாளர் பத்துப்பேரில் ஒன்பதுபேர் தவறாது கூறும் உவமை ஒன்றுண்டு: ஆசிரியர் மெழுகுதிரி போன்றவர், தம்மை உருக்கிப் பிறருக்கு ஒளி தருபவர். முன்னர் இவ்வுவமையைக் கேட்டுத் தலைகுனிந்து புன்னகை செய்து அமர்ந்திருந்தோம். மெழுகை உருக்கப் பழகிய பின்னர் அவ்வுவமை எம் செவியிலே வேறுவிதமாக ஒலிக்கின்றது.

உருகி வழிதலை மெழுகுதிரியின் கண்ணீரென்று கவிஞர் பாடுவர். தியாகமென்று பேச்சாளர் புகழ்வர். மெழுகுதிரி செய்பவரைக் கேட்டால் அது செய்குறை என்பார். வழிந்த மெழுகு ஒளி தருவதில்லை. அது சுவாலையை அடையாது மேசையிலே உறைந்து, மறுநாட் காலையிலே கத்தியாற் சுரண்டப்படுகின்றது. ஒளியாக மாறியது எவ்வளவோ அவ்வளவே பயன், வழிந்தது நட்டம். எந்த உழைப்பின் பெரும்பகுதி ஒளியாகாது வழிந்தோடுகின்றதோ, அவ்வுழைப்பை அமைத்த முறையிலே பிழையுண்டு. அப்பிழையைத் திருத்தாது, வழிவதனையே புகழ்ந்து மாலை சூட்டும் வழக்கம் யாருக்கு வசதியானது என்பதனை வாசகர் சிந்திக்கவேண்டும்.

2021ஆம் ஆண்டு ஜூலை 12ஆந் திகதி இந்நாட்டின் ஆசிரியர்களும் அதிபர்களும், நீண்டகாலமாகத் தீர்க்கப்படாதிருந்த சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி, இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். ஒக்ரோபர் 25ஆந் திகதி அவர்கள் மீண்டும் வகுப்பறைக்குச் சென்றனர். இடைப்பட்ட நூறுக்கு மேற்பட்ட நாட்களிலே நாம் வீதியிலும் பேருந்திலும் கேட்ட பேச்சு இது: ‘ஆசிரியத் தொழில் புனிதமானது, புனிதமான தொழில் செய்வோர் பணத்தைப் பற்றிப் பேசலாமோ?’ மெழுகுதிரி உவமையின் மறுபக்கம் இதுவே. உருகுவதற்கென்றே படைக்கப்பட்ட பொருள் தன் விலையைப் பற்றி வாய்திறத்தல் ஆகாதன்றோ! பிள்ளைகளின் படிப்பு அந்நாட்களிலே தடைப்பட்டது என்பது உண்மை. அதனை இலேசாகக் கருதுவோர் ஆசிரியராக இருக்கத் தகார். ஆயினும் பிள்ளைகளின் பேரிலே ஆசிரியரின் வறுமையை நியாயப்படுத்துவது வேறு, பிள்ளைகளின் நலனை நாடுவது வேறு.

ஆசிரியருக்கு மட்டும் இவ்வுவமை வழங்கப்படுவதன்று. தாயை மெழுகுதிரி என்கின்றோம். அதன்பின் அவள் இறுதியில் உண்பதும் முதலில் எழுவதும் இயற்கையின் விதியாகிவிடுகின்றன. மலையகத் தோட்டத் தொழிலாளரை நாட்டின் முதுகெலும்பு என்று மேடைதோறும் புகழ்ந்தனர். அம்முதுகெலும்புக்கு நாளொன்றுக்கு 1000 ரூபா சம்பளம் என்பது, பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னர், 2021 மார்ச் மாதத்திலேதான் வர்த்தமானியில் ஏறியது. புகழ்மொழி கூலிக்கு ஈடாக வழங்கப்படும்போது அப்புகழ்மொழியை நாம் ஐயத்துடனேயே நோக்கவேண்டும்.

ஒளியின் வரலாறும் வர்க்கங்களின் வரலாறேயாகும். ஐரோப்பாவிலே தேன்மெழுகுத் திரிகள் தேவாலயத்திலும் செல்வர் மாளிகையிலும் எரிந்தன. ஏழையின் குடிலிலே மாட்டுக்கொழுப்பும் ஆட்டுக்கொழுப்பும் புகைந்து நாறின. இங்கிலாந்திலே 1709ஆம் ஆண்டு மெழுகுதிரிக்கு வரி விதிக்கப்பட்டது; உரிமமும் வரியுமின்றி வீட்டிலே மெழுகுதிரி வார்த்தல் குற்றமாயிற்று. 1831ஆம் ஆண்டிலேதான் அவ்வரி நீக்கப்பட்டது. இன்று நாம் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகச் செய்வதனை அன்று ஓர் ஆங்கிலேய உழவன் செய்திருந்தால் அவன் சட்டத்தை மீறியவனாவான். அவன் கோரைத் தண்டின் நடுச்சோற்றைக் கொழுப்பிலே தோய்த்து எரித்து இரவைக் கழித்தான்.

பிரெஞ்சு இரசாயன விஞ்ஞானி செவ்றூல் 1811ஆம் ஆண்டிலே தொடங்கிய ஆய்வுகளினால், கொழுப்பின் அமைப்பு விளங்கிற்று. அதிலிருந்து கெட்டியான பகுதியைப் பிரித்தெடுத்து, நாற்றமும் புகையும் குறைந்த மெழுகுதிரி செய்யும் வழி பிறந்தது. 1825ஆம் ஆண்டளவிலே பின்னிய திரி புழக்கத்துக்கு வந்தது. எரியும்போது அது தானே வளைந்து, நுனி சுவாலையின் ஓரத்திலே எரிந்து நீங்குவதனால், திரியை அடிக்கடி கத்தரிக்கும் வேலை ஒழிந்தது.

இவ்வரலாற்றிலே எமது தீவுக்கும் ஓர் இடமுண்டு. 1830ஆம் ஆண்டிலே இலண்டனிலே தொடங்கப்பட்ட ‘பிறைஸ்’ என்னும் மெழுகுதிரி நிறுவனம், தேங்காயெண்ணெயிலிருந்து கெட்டியான கொழுப்பைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது. அதற்கு வேண்டிய தேங்காய்க்காக இலங்கையிலே தென்னந்தோட்டங்களையும் வாங்கியது. 1840ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் திருமணத்தின்போது இலண்டன் மக்கள் தத்தம் சாளரங்களிலே மெழுகுதிரி ஏற்றினர். திரி கத்தரிக்கத் தேவையற்ற மலிவான மெழுகுதிரியொன்றைத் தேங்காய்க் கொழுப்பும் ஸ்ரியறினும் கலந்து அந்நிறுவனம் அவ்வேளைக்கென விற்பனைக்கு விட்டது. ஆங்கில அரசியின் மணநாளுக்கு ஒளி தந்த பொருளிலே தென்னையின் சாரம் இருந்தது. தென்னையிலேறித் தேங்காய் பறித்த கைகளுக்கு அவ்வொளியிலே பங்கிருக்கவில்லை. இன்று பரபினை நாம் இறக்குமதி செய்கின்றோம்; அன்று எம் மண்ணின் கொழுப்பு ஏற்றுமதியாகியது. இரு காலத்தும் விலையைத் தீர்மானித்தவர் நாமல்லர்.

எம்மைப் போன்று 1980களின் இறுதியிலே யாழ்ப்பாணத்திற் பிறந்தோர் மின்விளக்கை அறியுமுன் இருளை அறிந்தவர்கள். 1990ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் துளித்துளியாக அளக்கப்படும் பண்டமாயிற்று. அக்காலத்திலே யாரோ ஒருவர், பெயரறியப்படாத மேதை, ஜாம் போத்தல் விளக்கைக் கண்டுபிடித்தார். போத்தலின் அடியிலே சிறிது பஞ்சு. அதிலே சில கரண்டி மண்ணெண்ணெய். ஒரு கம்பியிலே தாங்கிய மெல்லிய திரி. போத்தலின் சுவரே காற்றைத் தடுக்கும் சிமினியாகியது. அவ்வொளியிலே ஒரு தலைமுறை அரிச்சுவடி படித்தது, பரீட்சைக்குத் தோற்றியது, பல்கலைக்கழகம் புகுந்தது. மிகக் குறைந்த எண்ணெயிலே மிகக் கூடிய நேரம் எரிவதற்கு அவ்விளக்கு அமைக்கப்பட்டிருந்தது. எதுவும் வழிவதற்கோ வீணாவதற்கோ அங்கே இடமிருக்கவில்லை. அதனை வறுமையின் சின்னமென்று சிலர் கூறுவர். சிந்திக்கும் கைகளின் சின்னமென்றே நாம் கருதுகின்றோம்.

எமது அயலிலே வாழும் அக்கா ஒருவரை இங்கு குறிப்பிடவேண்டும். கணவரை 2009ஆம் ஆண்டிலே இழந்தவர். போர் முடிந்தபின் வடக்கிலே குடும்பத்தைத் தனியே தாங்கிய பெண்களுக்கு வாழ்வாதாரப் பயிற்சி என்ற பெயரிலே தையல், சவர்க்காரம், மெழுகுதிரி, ஊதுபத்தி முதலானவற்றைப் பல அமைப்புகள் பழக்கின. அக்காவும் அவ்வாறு பழகியவர். சான்றிதழும் அச்சுக்களும் கையளிக்கப்பட்டன; படம் பிடிக்கப்பட்டது; பயிற்றியவர்கள் சென்றுவிட்டனர். மெழுகை எங்கே மலிவாக வாங்குவது, செய்ததை யாரிடம் விற்பது என்னும் இரு கேள்விகளும் அவர் கையிலேயே எஞ்சின.

எமது விறாந்தையிலே பனையோலைத் தடம் பதித்த மெழுகுதிரிகளை அவர் ஒருநாள் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘வடிவாயிருக்கு, ரீச்சர்’ என்றார். பின்னர், சிறிது பொறுத்து, ‘நீங்கள் ஆசைக்குச் செய்யிறியள், நான் அரிசிக்குச் செய்யிறன்’ என்றார். அச்சொல்லிலே குறையோ கோபமோ இருக்கவில்லை. கணக்கு மட்டுமே இருந்தது. ஒரே பொருள், ஒரே அடுப்பு, ஒரே வேலை. ஆயினும் ஒருவருக்கு அது ஓய்வு, மற்றவருக்கு அதுவே உழைப்பு. மாத இறுதியிலே சம்பளம் வருமென்னும் உறுதியே எமது ஞாயிற்றுக்கிழமையைப் பொழுதுபோக்காக்குகின்றது. அவ்வுறுதி இல்லாதவருக்குப் பொழுது போவதில்லை. பொழுதை அவர் விற்கவேண்டியிருக்கின்றது.

அவருடைய கணக்கை இருவரும் அமர்ந்து விரிவாகப் பார்த்தோம். வெள்ளை மெழுகுதிரி நாள்தோறும் விற்பனையாவது. ஆயின் இயந்திரத்திலே ஆயிரக்கணக்கில் வார்க்கும் தொழிற்சாலையின் விலைக்கு அவரால் விற்க இயலாது. அவர் சில்லறையாக வாங்கும் மெழுகின் விலையே அதற்குக் கிட்ட நிற்கும். அலங்கார மெழுகுதிரிக்கு விலை கூட. ஆனால் அதனை வாங்குவோர் எரிப்பதில்லை. கண்ணாடி அலுமாரியிலே வைத்துவிடுகின்றனர். ‘எரிக்க மனம் வருகுதில்லை’ என்பது அவர்கள் அளிக்கும் பாராட்டு. எரியாத மெழுகுதிரியை மறுமுறை வாங்கவேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அப்பாராட்டே அவருடைய விற்பனையை நிறுத்திவிடுகின்றது. பட்டினத்துக் கடைக்காரர் ஒருவர் பொருளை எடுத்துக்கொண்டு, விற்றபின் தருவதாகச் சொல்லி, நான்கு மாதம் கடத்தினார். இவையனைத்தும் சேர்ந்தே அக்காவின் உழைப்பு வழிந்தோடும் வழிகள். ‘கடின உழைப்பாளி’, ‘துணிச்சலான பெண்’ என்று பயிற்சி நாளிலே அவரைப் புகழ்ந்த உரைகள் இவ்வழிகளுள் ஒன்றையேனும் அடைக்கவில்லை.

அதன்பின் செய்தவை பெரிய காரியங்களல்ல. அயலிலே மெழுகுதிரி செய்யும் வேறு மூன்று பெண்களும் சேர்ந்து, மெழுகை மூட்டையாக ஒன்றாய் வாங்கத் தொடங்கினர். எரிப்பதற்கு மனம் வரும் அழகே வேண்டுமென்று முடிவுசெய்தனர். செதுக்கலும் பூவேலையும் குறைந்தன. தடித்த, நேரான உருளை. அதிலே மெல்லிய ஓலைத்தடம். அளந்து இட்ட திரி. எத்தனை மணித்தியாலம் எரியுமென்பதனை எரித்துப் பார்த்துக் குறித்து, அதனைத் துண்டுக் கடுதாசியிலே எழுதி ஒட்டினர். திரியின் தடிப்பை மாற்றி மாற்றி எரித்துப் பார்ப்பதே எமது பங்காயிற்று. பொழுதுபோக்குக்கு ஒரு வேலை கிடைத்தது. தேவாலயத் திருநாளுக்கும் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கும் வாங்கியோர் மறுமுறையும் வந்தனர். கடன் கேட்கும் கடைக்கு நால்வரும் ஒரே விடை கூறினர். 1970களிலே எமது பனைத்தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு பேரம் பேசக் கற்ற பாடத்தின் சிறு பிரதியே இது. இதனால் அவர்கள் வறுமை தீர்ந்ததென்று கூறுவது பொய்யாகும். மெழுகின் விலை டொலரோடு ஏறும். இறக்குமதி வரி ஓர் இரவிலே மாறும். அவற்றை நான்கு பெண்கள் சேர்ந்து மாற்றிவிட முடியாது. ஆயினும் தமது உழைப்பு எங்கே வழிகின்றது என்பதனை அவர்கள் இப்போது அறிவர். அதனை அறிந்தவர் கேட்கும் கேள்விகள் வேறாகவே இருக்கும்.

அழகு செல்வரின் உடைமையன்று என்பதனையும் இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம். பசித்தவருக்குப் பயன் மட்டும் போதும், அழகு வேண்டாம் என்று கருதும் முற்போக்காளரும் உளர். அது ஏழையை வயிறாக மட்டும் காணும் பார்வை. நீற்றுப்பெட்டியிலே நிறவோலை சேர்த்துப் பின்னிய பெண் செல்வச் சீமாட்டியல்லள். அக்காவும் தம் வீட்டிலே எரிப்பதற்கென்று ஒரு நீலநிற மெழுகுதிரியை வார்த்து வைத்திருக்கின்றார். மே மாதத்திலே அவர் வார்க்கும் வெள்ளை மெழுகுதிரிகளுக்கோ யாரிடமும் விலை கேட்பதில்லை. 18ஆந் திகதி மாலையிலே அவை எதற்கென்று ஊர் அறியும். ஆசைக்கும் அரிசிக்கும் அப்பால் அவர் கைக்கு இன்னுமொரு கணக்கு இருக்கின்றது.

சென்ற தவணையிலே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘மெழுகுதிரி’ என்னும் தலைப்பிலே கட்டுரை எழுதக் கொடுத்தோம். ஏறத்தாழ எல்லோரும் தன்னை உருக்கிப் பிறருக்கு ஒளி தருதல் என்றே தொடங்கியிருந்தனர். ஒருவர் ஆசிரியரையும் இருவர் அன்னையையும் உவமித்திருந்தனர். அவர்களுக்கு அவ்வுவமையைக் கற்பித்தது நமது மேடைகளே. அக்காவின் மகளும் அவ்வகுப்பிலே படிக்கின்றாள். அவளது கட்டுரை அரைப்பக்கத்தைத் தாண்டவில்லை, எழுத்துப்பிழைகளும் இருந்தன. அதன் முதல் வாக்கியம் இது: ‘எங்கள் வீட்டு மெழுகுதிரி வழியாது, அம்மா திரியை அளந்துதான் போடுவா.’